மூதூரில் நான் பங்கசு ஒழித்த கதை

எல்லாம் தெரிந்த மனிதனாக நான் வாழ்ந்தது ஏறக்குறைய மூன்று மாதம்தான். அதற்கு முன்னும் சாதாரண ஆள், பின்னும் சாதாரண ஆள். அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு நாற்றுமேடை முழுவதையும் கொல்லப் பார்த்தேன். பாதியைத்தான் கொல்ல முடிந்தது. மீதிப் பாதி பிழைத்ததற்கு நான் எந்த வகையிலும் பொறுப்பல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. திருகோணமலை நகரத்துப் பொடியன். காடு வளர்க்கிற ஓர் அரசாங்க அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், வேலை கிடைத்திருந்தது. முதல் ஒரு வருடம் தகுதிகாண் காலம். அதில் ஒழுங்காக நடந்தால்தான் வேலை நிரந்தரம். வேலைக்கு அனுப்புவதற்கு முன் மலைநாட்டில் மூன்று கிழமை பயிற்சி கொடுத்தார்கள். அங்கே யூக்கலிப்டஸ் என்கிற தைலமரத்து நோய்களைப் படிப்பித்தவர் இராசநாயகம் சேர். மெலிந்த மனிதர், மெல்லிய குரல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை அவருடைய வகுப்பு. முதல் மணித்தியாலத்தில் நான் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கும். முத்து முத்தான எழுத்து. "பங்கசு: எதிரி. இலையைத் தாக்கும். தண்டைத் தாக்கும். வேரைத் தாக்கும். தயங்காமல் அழிக்க." இரண்டாவது மணித்தியாலத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

(பங்கசு என்பது பாடப்புத்தகச் சொல். பழசாய்ப்போன பேக்கரிப் பாணிலும் மாரிகாலத்தில் காலில் போடுகிற தோல் சப்பாத்திலும் பூக்கிற அதே பூஞ்சணம்தான். ஆனால் பூஞ்சணம் என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? பங்கசு என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.)

எனக்குக் கிடைத்த இடம் மூதூருக்குத் தெற்கே, தோப்பூர் போகிற வழியில் இருந்த மணல் காணி. காலையில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் குடாவைக் கடந்து மூதூர்த் துறையில் இறங்கி அங்கிருந்து சைக்கிள். காணியின் ஒரு பக்கம் நாலு வருடத்துக்கு முன் நட்ட யூக்கலிப்டஸ் தோட்டம். மறுபக்கம் பன்னிரண்டு பாத்தி நாற்றுமேடை. பொலித்தீன் பைகளில் புதுக்கன்றுகள் வரிசையாக நிற்கும். மாரி மழை தொடங்கியதும் அவற்றைக் கொண்டுபோய் நடவேண்டும். அந்த நடுகை வேலையை நம்பிச் சுற்றுக் கிராமங்களில் நாற்பது குடும்பங்கள் காத்திருந்தன. கன்று இல்லையென்றால் அவர்களுக்கு வேலை இல்லை. எனக்கும்தான்.

அங்கே இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் காவலாளி காசிம் நானா, மூதூர்க்காரர். மற்றவர் நாகம்மாக்கா. பிறந்தது இலங்கைத்துறை, கலியாணம் முடித்தது தோப்பூரில். பைக்கு மண் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, களை பிடுங்குவது எல்லாம் அவரும் அவருடைய பத்துப் பெண்களும்தான். நாட்கூலி. பையைக் கையில் தூக்கிப் பார்த்தே எந்தக் கன்று தண்ணீர் குடித்தது, எது குடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

போன இரண்டாம் கிழமையே ஒரு நோய் கிடைத்தது. (கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும். நான் அதைத் தேடிக்கொண்டுதான் திரிந்தேன்.) கன்றுகளின் அடியிலைகளில் மண்ணிறப் புள்ளிகள். இலைகள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கின.

"வெயில் சுட்டிருக்கும் தம்பி," என்றார் காசிம் நானா.

"வெயில் இல்லை. தண்ணி கூடிப்போச்சு," என்றார் நாகம்மாக்கா. "ரெண்டு நேரமும் தலையிலை ஊத்தச் சொல்லிப்போட்டுப் போனவர் உங்களுக்கு முதல் இருந்தவர். பையெல்லாம் நெருக்கிக்கொண்டு நிக்குது. இலை காயிறதுக்கு எங்கை நேரம்?"

நான் இரண்டு பேரையும் இரக்கத்தோடு பார்த்தேன். "இது இலைப்புள்ளி நோய். பங்கசு," என்றேன். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரிக்கச் சொன்னேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்தோம். பைகளை விலக்கி வைத்து, காலையில் மட்டும் அடியில் தண்ணீர் ஊற்றினோம். (கடைசி இரண்டும் நாகம்மாக்கா சொன்னவை. என் அறிக்கையில் அவை "எனது அவதானத்தின்படி" என்று வந்தன.) மூன்றாம் கிழமை நோய் நின்றுவிட்டது.

அங்கேதான் எனக்குப் பிடித்தது சனியன். நோய் நிற்காமல் இருந்திருந்தால் நான் திருந்தியிருப்பேன்.

மூதூர்ச் சந்தியில் தேநீர் குடிக்கப் போனால் "பங்கசு ஐயா வாறார்" என்று மர வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் வெற்றிலை கொண்டுவந்து காட்டினார். ஒருவர் தென்னோலை. இன்னொருவர் சட்டையைக் கழற்றி முதுகில் இருந்த படர்தாமரையைக் காட்டினார். அதுவும் ஒருவகைப் பங்கசுதான் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் என் புகழ் தோப்பூர் வரை போனது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள், வேலை ஒன்றும் இல்லாமல், நல்ல கன்று ஒன்றின் பையைக் கிழித்து வேரைப் பார்த்தேன். வேர் நுனிகளைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி நூல் நூலாக ஓடியிருந்தது. இன்னொன்றைக் கிழித்தேன். அதிலும் இருந்தது. பத்துக் கன்று கிழித்தேன். பத்திலும் இருந்தது.

பழைய தோட்டத்துக்கு ஓடினேன். அங்கே மரங்களின் அடியில் மண்ணைப் பிளந்துகொண்டு மண்ணிற உருண்டைகள் அரைவாசி வெளியே வந்து நின்றன. பார்த்தால் காய்ந்த சாணம். மிதித்தால் புகை மாதிரித் தூள் கிளம்பியது. எதிரி எங்கிருந்து வருகிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த உருண்டைகள் அவ்வளவையும் பொறுக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, கடலில் கொட்டச் சொன்னேன். இரண்டு வண்டில் நிறையப் போனது.

நாகம்மாக்கா ஒரு கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. இந்த வெள்ளை கூடுதலாய் உள்ள கண்டுதான் வாட்டசாட்டமாய் நிக்குது. குறைஞ்சதைப் பாருங்கோ, நோஞ்சான்."

"அக்கா, அது நோய் முத்துறதுக்கு முதல் வாற மினுக்கம்."

(அப்படி ஒரு மினுக்கம் உலகத்தில் எந்தத் தாவரத்துக்கும் வருவதில்லை. அந்த நிமிடத்தில், அந்த இடத்தில் நின்று, நானே உண்டாக்கியது.)

மறுநாள் வைத்தியம் ஆரம்பமானது. தார்ப் பீப்பாக்களை இரண்டாக வெட்டி, அடுப்பு மூட்டி, மண்ணை வறுத்தோம். மண்ணில் இருக்கிற பங்கசு எல்லாம் சாகவேண்டும் அல்லவா? வீதியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, "என்ன, பிட்டுக்கு மா வறுக்கிறீங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கன்றுகளைப் பையிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறி, கொண்டிஸ் கரைத்த தண்ணீரில் அலசி, வறுத்த மண்ணில் திரும்ப வைத்தோம். கொண்டிஸ் என்றால் கிணற்றுக்குப் போடுகிற அந்த ஊதா மருந்து. வாளியில் அழகான ஊதா. கையில் பட்டால் அசிங்கமான மண்ணிறம்.

"வாற கிழமை எங்கடை வீட்டிலை கலியாணம்," என்றாள் ஒரு பெண், கையைப் பார்த்துக்கொண்டு. "கை இப்பிடி இருந்தா என்னெண்டு சொல்லுறது?"

"மருதோண்டி எண்டு சொல்லு புள்ள," என்றார் காசிம் நானா. "பங்கசு ஐயா போட்டுவிட்டவர் எண்டும் சொல்லு."

பத்து நாளில் முடித்தோம். "கடைசிப் பாத்தியும் சரியோ அக்கா?" என்று கேட்டேன். "ஓம் தம்பி, கழுவியாச்சு," என்று நாகம்மாக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

முதல் கிழமை, பாதிக்குக் கொஞ்சம் குறைவான கன்றுகள் தலை சாய்ந்து காய்ந்தன. "பலவீனமானவை தாமாகவே நீங்கின" என்று அறிக்கை எழுதினேன். (கடைசிப் பாத்தி முழுவதும் காலியாகக் கிடந்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.) மீதி சாகவில்லை. ஆனால் வளரவும் இல்லை. நாட்டிய குச்சி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றன. நாலாம் கிழமை ஒரு அதிசயம் நடந்தது. இலைகள் எல்லாம் ஊதா நிறமாக மாறத் தொடங்கின.

பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். "கொண்டிஸ் இலைக்கு ஏறிட்டுது," என்று ஒருத்தி சொன்னாள்.

எனக்கு அது சரியாகப் பட்டது. அன்றைக்கே பேனாவை எடுத்து, "மருந்து வேரிலிருந்து இலை வரை சென்றடைந்துள்ளமை கண்ணால் காணத்தக்கதாக உள்ளது" என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? அதில் ஒரு பிரதி எடுத்து இராசநாயகம் சேருக்குத் தபாலில் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம்: தங்கள் மாணவன் புதிய முறை ஒன்றைக் கண்டிருக்கிறான், நேரம் கிடைத்தால் வந்து பார்க்கவேண்டும்.

அவருக்கு நேரம் கிடைத்தது.

எங்கள் பகுதிக் கந்தோருக்குத் தலைவரான பெரியவரோடு ஒருநாள் காலை லோஞ்சில் வந்து இறங்கினார். பெரியவர் உரத்த குரல்காரர். யாரோடு பேசினாலும் அக்கரையில் நிற்பவரோடு பேசுவது போல இருக்கும். சேர் குடையை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். நான் வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தேன். நடுகை வேலை கேட்டு வந்த ஆட்களும் வேலியோரம் நின்றார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பாத்தியாகக் காட்டிக்கொண்டு போனேன். ஆறாவது பாத்தியில் சேர் குனிந்து ஒரு ஊதாக் கன்றை எடுத்து, பையைக் கிழித்து, வேரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வேர் நல்ல சுத்தம்," என்றார்.

"நன்றி சேர்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது பாராட்டு இல்லை என்று அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

வெயில் ஏறியது. சேர் நிழல் தேடி, வாளியும் மண்வெட்டியும் வைக்கிற கொட்டிலின் பின்பக்கம் போனார். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை; அங்கே கடிக்கிற முசுறு எறும்பு அதிகம். பின்னால் பாலை மரத்தின் கீழ் ஒரு பாத்தி இருந்தது. கன்றுகள் என் இடுப்பளவு. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

"இது என்ன?" என்று கேட்டார் சேர்.

எனக்கும் அதுதான் கேள்வி. ஆனால் எல்லாம் தெரிந்தவனுக்கு ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல் இருக்க ஏலாது. ஒரு வினாடிகூட யோசிக்காமல் சொன்னேன்: "இதுதான் சேர், என்ரை முறை முழுசாய் வெற்றி கண்ட பாத்தி."

பெரியவர் தோளில் தட்டினார். "ஷபாஷ்!" வேலியோரம் நின்றவர்கள் தலையாட்டினார்கள். சேர் மட்டும் நாகம்மாக்காவைப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் பாத்திக்கு என்ன செய்தனீங்கள்?"

நாகம்மாக்கா என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

"ஒண்டும் செய்யேல்லை ஐயா. தண்ணி மட்டும் ஊத்தினனாங்கள்."

"வேர் கழுவேல்லையோ?"

"தம்பி கழுவச் சொன்னவர்தான். எனக்குக் கை வரேல்லை ஐயா. நல்லாய் நிண்ட கண்டுகள். கழுவினதெண்டு பொய் சொல்லிப்போட்டு இஞ்சை கொண்டுவந்து வைச்சனான்."

வேலியோரம் யாரோ சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார். பெரியவருக்கு முகம் சிவந்தது. ஆனால் அவருடைய கோபம் என் பக்கம் வரவில்லை.

"கந்தோர் உத்தரவை மீறி, பொய்யும் சொன்னதோ? நாளைக்கு இந்த மனிசி வேலைக்கு வரத் தேவையில்லை!" என்று கத்தினார்.

நாகம்மாக்காவுக்குக் கண் கலங்கியது. அந்தப் பத்துப் பெண்களும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த காரியங்களில் ஒன்று அப்போது நடந்தது. துணிவால் அல்ல, அவமானத்தில் காது அடைத்துப்போய், வாய் தன் பாட்டுக்குப் பேசியது. "ஐயா, நிப்பாட்டிறதெண்டால் முதல் என்னை நிப்பாட்டுங்கோ. இந்த அக்கா பொய் சொன்னபடியால்தான் ஒரு பாத்தியாவது மிஞ்சியிருக்கு. நான் இப்ப சொன்னதும் பொய்தான். இந்தப் பாத்தியை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

பெரியவருக்கு யாரைப் பார்த்துக் கத்துவது என்று குழம்பிப்போனது. சேர் பச்சைக் கன்று ஒன்றை எடுத்துப் பையைக் கிழித்து, வெள்ளை நூல் படர்ந்த வேரை என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என்ன?"

"பங்கசு, சேர்."

"நல்லதோ கெட்டதோ?"

"பங்கசிலை நல்லது எங்கை சேர்?"

"என்ரை வகுப்பிலை இருந்தனீர்தானே?"

"இருந்தனான் சேர்."

"மூண்டு மணிக்குப் பிறகு?"

மலைநாட்டுக் குளிர், வயிறு நிறையச் சோறு, மெல்லிய குரல். மூன்று மணிக்குப் பிறகு நடந்தது எதுவும் என் குறிப்புப் புத்தகத்திலும் இல்லை, என் தலையிலும் இல்லை.

"ஓஹோ," என்றார் சேர். "கடைசி வாங்கிலை வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டது நீர்தானோ? முதல் மணித்தியாலம் கெட்ட பங்கசு. ரெண்டாம் மணித்தியாலம் நல்ல பங்கசு. நீர் முதலாவதோடை எழும்பிப் போய்ப் போர் தொடங்கிவிட்டீர்."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். அந்த வெள்ளை நூல் வேரோடு சேர்ந்து வாழ்கிற பங்கசு. வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் போய் மண்ணிலுள்ள சத்தையும் ஈரத்தையும் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் அதற்குச் சீனி கொடுக்கும். இந்த மணலில் அந்தப் பங்கசு இல்லாவிட்டால் யூக்கலிப்டஸ் பட்டினி. இலை ஊதாவானது மருந்து ஏறியதால் அல்ல, பசியால்.

"பிள்ளையைக் காப்பாத்திறன் எண்டு சொல்லித் தாயை வீட்டை விட்டுக் கலைச்சிருக்கிறீர்," என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"இனி என்ன செய்யிறது சேர்?"

"பழைய தோட்டத்திலை மண்ணிற உருண்டைகள் முளைச்சிருக்கும். உடைச்சால் தூள் பறக்கும். அந்தப் பங்கசின்ரை விதை அதுதான். தூளைத் தண்ணியிலை கரைச்சுப் பைகளுக்கு ஊத்தும். உருண்டை கிடக்குத்தானே?"

நான் கடல் இருந்த திசையைப் பார்த்தேன். காசிம் நானாதான் எனக்காகப் பதில் சொன்னார்: "ரெண்டு வண்டில் கிடந்தது சேர். மீனுக்குப் போட்டுட்டம்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் நான் பழைய தோட்டத்தில் முழங்காலில் தவழ்ந்தேன். பொறுக்குகிறபோது தப்பிய உருண்டை எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு மரத்தடியிலும் சருகைக் கிளறினேன். கிடைத்தவற்றைத் தலைப்பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வந்தேன். தலை, முகம், மூக்கு எல்லாம் மண்ணிறத் தூள். லோஞ்சில் ஏறினால் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பி மற்றப் பக்கம் போனார்கள். விறகு பொறுக்க வந்த ஒரு மனிசி என்னைக் கண்டு நின்றார்.

"என்ன தம்பி துலைச்சுப்போட்டியள்?"

"பங்கசு தேடுறன்."

"அதை நீங்கள் ஒழிச்சுப்போட்டியள் எண்டெல்லோ கதைச்சவை?"

அந்தத் தூளையும், பாலை மரத்தடிப் பாத்தியில் நின்ற கன்றுகளின் மண்ணில் ஒரு பிடி ஒரு பிடியாக எடுத்ததையும் ஊதாக் கன்றுகளுக்குப் போட்டோம். எது எவ்வளவு என்று நாகம்மாக்கா சொன்னார், நான் செய்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வருடம் மாரி பிந்தியது எங்கள் அதிர்ஷ்டம். முதலில் நடு இலை பச்சையானது. பிறகு பக்கத்து இலைகள். வழக்கத்துக்கு ஒரு மாதம் பிந்தி, பாதிக் காணியில் நடுகை நடந்தது. நாற்பது குடும்பத்துக்கும் வேலை கிடைத்தது. ஆனால் வழக்கமான நாட்களில் பாதிதான். அதை நான் சிரித்துச் சொல்வதில்லை.

நாகம்மாக்கா வேலையில் இருந்தார். சேர் போகுமுன் பெரியவரோடு தனியாக ஏதோ கதைத்தார். பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. என்னையும் நிற்பாட்டவில்லை. தகுதிகாண் காலத்தை மட்டும் இன்னொரு வருடம் நீட்டினார்கள். கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் "அளவுக்கு மிஞ்சிய சுறுசுறுப்பு" என்று இருந்தது. அந்தக் காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரே அரசாங்க ஊழியன் நான்தான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, எனக்குத் தெரியாமல் லோஞ்ச் ஏறி மூதூருக்குப் போயிருக்கிறார். நான் அன்றைக்கு நகரத்துக் கந்தோரில். கன்று வாங்க வந்தவர் மாதிரி நாற்றுமேடையில் நின்று நாகம்மாக்காவிடம் கதை கொடுத்திருக்கிறார்.

"இஞ்சை வேலை செய்யிற தம்பி எப்பிடி? குடி கிடி?"

"சீச்சீ. ஒண்டும் இல்லை ஐயா."

"கோபக்காரனோ?"

"இல்லை. தன்னிலை பிழையெண்டால் பிழையெண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லுற பிள்ளை."

"அப்ப குறையே இல்லையோ?"

நாகம்மாக்கா யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு குறைதான் ஐயா. நல்லாய் நிக்கிறதைப் பிடுங்கிக் கழுவிப் பாப்பார்."

மனிதர் முழுக் கதையையும் கேட்டு, வீட்டுக்குப் போய், மகளை இருத்திச் சொல்லியிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பரவாயில்லை அப்பா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாளாம்.

பார்த்துக்கொள்கிறாள். இன்றைக்கும் நான் வாசல் கதவையோ றேடியோவையோ திருத்தலாம் என்று கதிரையை விட்டு எழும்பினால் போதும், குசினிக்குள் சமைத்துக்கொண்டே அவள் குரல் கொடுப்பாள்: "என்னப்பா, நல்லாய்த்தானே நிக்குது? இருங்கோ."

நான் இருந்துவிடுவேன். எங்கள் வீட்டு றேடியோ இன்னும் பாடுகிறது.